வடசென்னையில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் குழுவின் இணையதளத் தரவை மேப்பாகவும் கிராஃபாகவும் காட்டுவது எப்படி?

உங்களிடம் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் லாக் (யார், எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தார்கள் என்ற பதிவு) இருக்கிறது, கூட்டத்துக்குப் பதிவு செய்யும் படிவமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராஃபை லாக்கிலிருந்து எடுங்கள், மேப்பைப் படிவத்திலிருந்து எடுங்கள். மாற்றிச் செய்தால் படம் அழகாக வரும், ஆனால் பொய் சொல்லும்.

ஐபி முகவரியை வைத்து இடம் சொல்லும் ஜியோலைட் போன்ற தரவுத்தளங்கள் நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். பேட்டை அளவில் நம்பவே முடியாது. செல்போன் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருப்பதால், காசிமேட்டில் உட்கார்ந்து தளத்தைத் திறப்பவர் மேப்பில் மும்பையில் போய் விழலாம். சென்னை என்று மட்டும் தெரிந்தால் எல்லாரும் ஒரே புள்ளியில் குவிவார்கள்.

அதனால் படிவத்தில் பின்கோடு கேளுங்கள்: ராயபுரம் 600013, பெரம்பூர் 600011, வியாசர்பாடி 600039, கொடுங்கையூர் 600118, திருவொற்றியூர் 600019 என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்தில் பார்த்து, கையாலேயே ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எழுதிவிடலாம். பிறகு பிரவுசரில் மேப் காட்டும் லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் வட்டங்களாகப் போடுங்கள். ஆரம் எண்ணிக்கையின் வர்க்கமூலமாக இருக்கட்டும். நாலு மடங்கு ஆட்களுக்கு ரெண்டு மடங்கு ஆரம். வார்டுக்கு வார்டு நிறம் அடிக்கவே வேண்டாம். பரப்பில் பெரிய மணலியில் மூன்று பேர் இருந்தாலும் கண் அங்கேதான் போகும், நெருக்கமான ராயபுரம் புள்ளியாகச் சுருங்கிவிடும். ஐந்து பேருக்குக் குறைவான பின்கோடுகளை 'மற்றவை' என்று சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் யார் என்று தெரிந்துவிடும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜியோஜேசன் என்ற இடத்தரவுக் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் (80.29, 13.11), லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில். மாறிவிட்டால் ராயபுரம் ஆர்க்டிக் கடலில், சுவால்பார்டு தீவுகள் பக்கம் மிதக்கும்.

கிராஃபுக்கு, லாக்கைப் படித்து அறிக்கை தரும் கோஅக்சஸ் என்ற கருவி போதும். பாட்களையும் (தானாக வந்துபோகும் நிரல்கள்), படம், சிஎஸ்எஸ் கோரிக்கைகளையும் முதலில் கழியுங்கள். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு விடிகாலை வந்தவர்கள் சனிக்கிழமைக் கணக்கில் சேர்வார்கள். சர்வரில் டெபியன் லினக்ஸ் இருந்தால் லாக் தினமும் புதுக் கோப்பாகச் சுழன்று 14 நாளில் அழிந்துவிடும், முதலில் அந்த எண்ணைக் கூட்டிவையுங்கள். வெளியிடும் அறிக்கையில் ஐபியை மறைக்கும் விருப்பத்தைப் போட மறக்காதீர்கள்.

மேட்பிளாட்லிப் என்ற பைதான் நூலகத்தில் கிராஃபை வரைந்தால் தமிழ் தனித் தலைவலி. ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டைக் கொடுத்தாலும் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி, 'பெரம்பூர்' என்பது 'பரெம்பூர்' ஆகிவிடும். எழுத்துகளை பிரவுசர் சரியாகக் கோத்துக் காட்டும் என்பதால், அதில் ஓடும் சார்ட்.ஜேஎஸ் நூலகத்தில் வரைந்துவிடுவது மேல்.