இளங்கலை உயிரியல் படிக்கும்போதே ஆய்வகக் கருவிகளை வைத்துத் தனியாக ஆய்வு செய்ய முடியுமா?

கேட்டவர் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர். துறை ஆய்வகத்தில் மாதிரி வழியாக எவ்வளவு ஒளி வருகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் கருவி எல்லாம் இருக்கின்றனவாம். பேராசிரியரின் ப்ராஜெக்டில் சேராமல் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துச் செய்ய முடியுமா, எந்தக் கருவியில் தொடங்குவது என்கிறார்.

தாராளமாக முடியும். நானும் இளங்கலையில் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது ஆய்வகத்தில் மாணவர்களோடு வேலை செய்கிறேன். இருப்பதிலேயே பெரிய கருவியைத் தேடிப் போகாதீர்கள். நீங்கள் தினமும் தொடக்கூடிய ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையில் எதை அளக்கிறது என்று முழுதாகப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தக் கருவியால் பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேளுங்கள்.

இளங்கலை மாணவரால் என்ன ஆகும் என்று யாராவது சொன்னால் ஹட்சன் ஃப்ரீஸைச் சொல்லுங்கள். 1966ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிராக்கிடம் வேலை செய்த இளங்கலை மாணவர் அவர். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து எடுத்த மாதிரிகளை வளர்த்து, தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை இருவருமாகப் பிரித்தெடுத்தார்கள். 1969ல் கட்டுரை வெளிவந்தது. பிசிஆரில் இன்று ஊற்றுகிற டாக் பாலிமரேஸ் அந்தப் பாக்டீரியாவின் நொதிதான். என்னை அதிகம் ஈர்ப்பது அவர்கள் செய்த விதம். வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்களை அதுவரை பெரும்பாலும் 55 டிகிரியில்தான் வளர்த்துத் தேடினார்கள். இவர்கள் 70 டிகிரியில் வைத்தார்கள். அதற்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. உயிரி எங்கே வாழ்கிறது என்று பார்த்துவிட்டு வெப்பநிலையை முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் ஆய்வகத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் தொடங்குங்கள். ஒரு கேள்வியும் சொல்கிறேன்: ஊடகத்தில், அதாவது செல்கள் வளரும் சத்துக் கரைசலில், உப்பு கூடினால் ரொட்டி ஈஸ்ட்டின் வளர்ச்சி எப்படி மாறுகிறது? பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் உள்ளே போனால் ஆழம் தெரியும். வளர்ச்சி குறைகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். வளரத் தொடங்கவே தாமதமாகிறதா, தொடங்கிய பின் வேகம் குறைகிறதா, இல்லை இரண்டுமா? 600 நானோமீட்டர் அலைநீள ஒளியில் குறிப்பிட்ட இடைவெளியில் ரீடிங் எடுத்து, மடக்கை அளவில் வரைபடம் போட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கோடு மேலே ஏறத் தொடங்கும் நேரம் தாமதத்தைச் சொல்லும், ஏறும் சரிவு வேகத்தைச் சொல்லும். சத்தான ஊடகத்தில் 30 டிகிரியில் ஈஸ்ட் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதால் ஒரே நாளில் முழு வளைவும் கைக்கு வந்துவிடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். 600ல் அந்தக் கருவி செல்களை எண்ணுவதில்லை. செல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் எவ்வளவு ஒளி மறுபக்கம் வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்கிறது. செத்த செல்லும் ஒளியைச் சிதறடிக்கும். உப்பு அதிகமானால் செல் நீரை இழந்து சுருங்கும், சுருங்கிய செல் வேறு விதமாகச் சிதறடிக்கும். ஆக, உப்பு ஏற்றியதும் ரீடிங் மாறினால் எண்ணிக்கை மாறியதா, செல்லின் அளவு மாறியதா? இந்தச் சந்தேகம் உங்களுக்கே வந்துவிட்டால் நீங்கள் ஆய்வாளர் ஆகிவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இதைத் தீர்க்க ஹீமோசைட்டோமீட்டரும் (செல்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) சாதாரண நுண்ணோக்கியும் போதும். ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் இருக்கும் செல்களை எண்ணி 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்று கிடைக்கும். நீர்த்திருந்தால் அந்த மடங்காலும் பெருக்க வேண்டும். மெத்திலீன் நீலம் சேர்த்தால் செத்த ஈஸ்ட் நீலமாகும், உயிருள்ளது நிறமற்றுத் தெரியும். ஒவ்வொரு உப்பு அளவிலும் சில மாதிரிகளை இப்படி எண்ணி, கருவியின் ரீடிங்கோடு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடே ஒரு நல்ல முடிவாக நிற்கும்.

சில சின்ன விஷயங்கள் முழு வேலையையும் கெடுத்துவிடும். கருவியைச் சுழியமாக்க, செல் இல்லாத பிளாங்க் வைக்கும்போது வெறும் தண்ணீரை வைக்காதீர்கள், அதே உப்பு அளவுள்ள ஊடகத்தை வையுங்கள். ரீடிங் 0.4, 0.5ஐத் தாண்டினால் பல கருவிகளில் எண்ணிக்கைக்கும் ரீடிங்குக்கும் உள்ள நேர்விகிதம் தளரத் தொடங்கும். நீர்த்து அளந்து பெருக்கிக்கொள்ளுங்கள். கியூவெட்டை (மாதிரியை ஊற்றி அளக்கும் சின்னக் குழாய்) வைக்குமுன் மெல்லக் கலக்குங்கள், ஈஸ்ட் சீக்கிரம் அடியில் படிந்துவிடும். மிகச் சிறிய அளவு திரவம் எடுக்கும் மைக்ரோபிப்பெட்டைத் தராசில் சோதியுங்கள்: 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 100 மில்லிகிராம் இருக்க வேண்டும். அப்புறம் டிஎன்ஏ அளக்கப் போனால் சாதாரணக் கண்ணாடிக் கியூவெட் உதவாது. 260 நானோமீட்டர் ஒளி அதைக் கடக்காது, குவார்ட்ஸ் போல அந்த ஒளியை விடும் கியூவெட் வேண்டும்.

ஒரே குடுவையிலிருந்து மூன்று முறை ரீடிங் எடுத்துவிட்டு மூன்று மாதிரிகள் என்று எழுதும் பழக்கத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது ஒரே மாதிரிதான்; மூன்று ரீடிங்குகளும் உங்கள் கையும் கருவியும் எவ்வளவு நிலையாக இருக்கின்றன என்பதை மட்டுமே காட்டும். தனித்தனிக் காலனியிலிருந்து, தனித்தனிக் குடுவையில், முடிந்தால் வேறு வேறு நாளில் வளர்த்தவைதான் தனி மாதிரிகள். நேரம் பிடிக்கும். அதனால்தான் கேள்வி சின்னதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஆறு உப்பு அளவுகளை ஒருமுறை செய்வதைவிட மூன்று அளவுகளைப் பலமுறை செய்வது மேல்.

பிசிஆர் பிறகு வரட்டும். செய்யும்போது டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிய ஒரு குழாய் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். அதிலும் ஜெல்லில் டிஎன்ஏ பட்டை வந்தால் அன்றைய முடிவுகளை நம்ப முடியாது.

தனியாகச் செய்வது என்றால் யாருக்கும் தெரியாமல் செய்வது அல்ல. கேள்வியும் திட்டமும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் பொறுப்பான ஒருவர் அதைப் படித்துச் சம்மதிக்க வேண்டும். சுற்றுப்புறத்திலிருந்து அடையாளம் தெரியாத நுண்ணுயிர்களை எடுத்து வளர்க்காதீர்கள், அவற்றில் எது நோய் தரும் என்று முன்கூட்டித் தெரியாது. ரொட்டி ஈஸ்ட்டில் பொதுவாக அந்தக் கவலை இல்லை. வளர்த்ததை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமிகளைக் கொன்ற) பிறகே கொட்டுங்கள். சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிர்க் குழாய்களின் எடை சமமாக இருக்கட்டும். ஆய்வகத்தில் ஆளே இல்லாத நேரத்தில் வேலை செய்யாதீர்கள்.

நாளைக்கே பேராசிரியரைப் பார்க்கப் போவதானால், அதற்கு முன் கருவிகளைப் பராமரிப்பவரிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள். விளக்கு எப்போது மாற்றினார்கள், எந்த நேரத்தில் கருவி சும்மா இருக்கும், எந்த ரீடிங்கை நம்பலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிறகு ஒரு பக்கத்தில் கேள்வி, கன்ட்ரோல் (ஒப்பிடுவதற்கான மாதிரி), எத்தனை மாதிரிகள், எவ்வளவு கருவி நேரம் என்று எழுதி எடுத்துப் போங்கள். "ஏதாவது ஆய்வு செய்யணும்" என்று போய் நிற்பவரைவிட அந்த ஒரு பக்கத்தோடு வருபவருக்கு ஆய்வகச் சாவி சீக்கிரம் கிடைக்கும்.