ஐந்து நிமிடப் பாடம்: ஆசிரியர்கள் கேட்டவை

ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கூட்டல் நடத்த எனக்கு ஒரு பீரியட் முழுதாக வேண்டும். அதை ஐந்து நிமிட வீடியோவாகச் சுருக்குவது எப்படி?
— கணித ஆசிரியை, விழுப்புரம்

சுருக்காதீர்கள். பீரியடை அப்படியே ஒன்பது துண்டாக நறுக்கி, 'பாகம் 1, பாகம் 2' என்று குரூப்பில் போடவும் வேண்டாம். மூன்றாம் பாகத்தை விட்ட பிள்ளைக்கு நான்காவது புரியாது, ஐந்தாவதைத் திறக்கவே மாட்டான்.

முதலில் ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள்: இது முடிந்ததும் பிள்ளை எதைத் தானாகச் செய்ய வேண்டும்? 'பின்னக் கூட்டல்' என்பது வெறும் தலைப்பு. '1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 7/12 என்று சொல்ல வேண்டும்' என்று எழுதினால்தான் அது இலக்கு. அந்த வரிக்கு வேண்டாததையெல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) காண்பது தனிப் பாடம். விடையைச் சுருக்குவது இன்னொன்று.

நானாக இருந்தால் கணக்கைத் திரையில் போட்டு, "நிறுத்திட்டு நீயே போட்டுப் பாரு" என்றுதான் தொடங்குவேன். தப்பாகப் போடட்டும், பரவாயில்லை. பிறகு ஒரு தாள் பட்டையை 12 கட்டமாகப் பிரித்து, மூன்றில் ஒன்றுக்கு 4 கட்டம், நான்கில் ஒன்றுக்கு 3 கட்டம் வண்ணமடித்துக் காட்டுவேன். இதற்கு இரண்டு நிமிடம் தாராளமாகக் கொடுங்கள், பாடமே இங்கேதான் இருக்கிறது. அப்புறம் அதையே எண்ணில் எழுதி, கடைசியில் 1/2 + 1/5 கொடுத்து முடித்துவிடலாம். வணக்கம், பள்ளியின் பெயர், நேற்று பார்த்தது எல்லாம் வீடியோவோடு அனுப்பும் மெசேஜில் போகட்டும்.

ஆறு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா?
— பட்டதாரி ஆசிரியர், தேனி

அந்த ஆறு நிமிடம் 2014-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடநெறிகளில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (பாதி முறை அதைவிடக் குறைவாகவும் பாதி முறை கூடுதலாகவும் பார்க்கப்பட்ட நேரம்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் அது தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள் படித்த பாடநெறி. அப்பாவின் போனில், அழைப்பு வருவதற்குள் பார்த்து முடிக்க வேண்டிய பிள்ளைக்கு நான் நான்கு நிமிடம்தான் வைப்பேன். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: ஸ்லைடை ஓட்டிய வீடியோக்களைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கியவற்றில் மாணவர்கள் கூடுதலாக ஈடுபட்டார்கள். அதைப் பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை!

வினாடி வினாவில் எல்லாரும் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். நேரில் கேட்டால் விழிக்கிறார்கள்.
— அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்

தப்பான விடைகளைப் பார்த்ததுமே தள்ளிவிட முடிகிறது என்று அர்த்தம். அவற்றை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள், பிள்ளைகளின் நோட்டிலிருந்து எடுங்கள். உங்கள் பாடத்துக்கும் பொருந்தும், ஆனால் கையிலிருக்கும் கணக்கையே காட்டுகிறேன். 1/3 + 1/4-க்கு 2/7 என்பவன் மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறான். 2/12 என்பவனுக்குப் பகுதியை (கீழ் எண்ணை) மாற்றத் தெரிந்திருக்கிறது, தொகுதியை (மேல் எண்ணை) மாற்ற மறந்துவிட்டான். இருவருக்கும் 'தவறு, மீண்டும் முயற்சி செய்' என்று ஒரே பதில் வந்தால் என்ன பயன்? முதலாமவனுக்குத் தாள் பட்டை வீடியோவையும், இரண்டாமவனுக்கு "1/3-இல் எத்தனை கட்டம்?" என்ற ஒரே கேள்வியையும் அனுப்புங்கள்.

இன்னொன்று: கேள்வியைப் பாடம் முடிந்த கையோடு மட்டும் கேட்காதீர்கள். அடுத்த நாள் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று, வீடியோ இல்லாமல் கேள்வி மட்டும். படித்தது நாள் போகப் போக எப்படி மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இலேயே அளந்து காட்டிவிட்டார்.

மலைப்பகுதிப் பள்ளி. சிக்னலும் டேட்டாவும் பிரச்சினை.
— தலைமையாசிரியர், நீலகிரி

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 500 கிலோபிட் அளவில் பதிவான வீடியோ, ஒரு நிமிடத்துக்குச் சுமார் 3.75 எம்பி. ஐந்து நிமிடத்துக்கு 19 எம்பியை நெருங்கும். அதே ஐந்து நிமிடப் பேச்சை 32 கிலோபிட் ஆடியோவாக அனுப்பினால் 1.2 எம்பி. அதனால் ஒரு ஆடியோ, தெளிவாக எடுத்த இரண்டு கரும்பலகைப் படம், ஒரு கேள்வி. பெரும்பாலான பாடத்துக்கு இது போதும். தாள் பட்டையை மடிப்பது போல அசைவு தேவைப்படும் இடத்துக்கு மட்டும் வீடியோ.

முகம் தெரிய வேண்டுமா? எனக்குக் கூச்சம்.
— இடைநிலை ஆசிரியை, சிவகங்கை

வேண்டாம். கையும் குரலும் போதும்.

பேச்சுத் தமிழிலா, புத்தகத் தமிழிலா?
— தமிழாசிரியர், மதுரை

விளக்கம் பேச்சுத் தமிழில். திரையில் எழுதுவது பாடநூல் சொற்களில்: 'தொகுதி', 'பகுதி' என்றே எழுதுங்கள், தேர்வுத் தாளில் அவைதான் வரும். ஆனால் திரையில் உள்ள பத்தியை வரி விடாமல் வாசிக்காதீர்கள். கண் ஒரு வேகத்தில் போகும், காது இன்னொரு வேகத்தில் போகும், பிள்ளை இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் ஓடும் கடிகாரத்தைப் பார்ப்பான்.