சத்யவதி ஏன் காசிக்குப் போனாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தில் நடக்கும் ஆஷாபூர்ணா தேவியின் வங்க நாவல் 'பிரதம பிரதிஸ்ருதி'யைப் படித்து முடித்தேன். எட்டு வயதில் கல்யாணமான சத்யவதி பெரியவர்களையே கேள்வி கேட்கிறாள். மகள் சுவர்ணாவுக்குத் தனக்குத் தெரியாமல் ஒன்பது வயதில் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்றதும், புருஷனை விட்டுவிட்டுக் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். அந்தக் காலத்தில் இது நடக்கிற காரியமா? 1964இல் எழுதிய ஆசிரியர் தன் காலத்துக் கோபத்தைப் பழைய காலத்துப் பெண்மேல் ஏற்றிவிட்டார் என்று படுகிறது.

கே.

அன்புள்ள கே,

அந்தக் கோபம் அந்தக் காலத்திலேயே இருந்தது. ராஸசுந்தரி தேவியைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு வங்கத்து நிலக்கிழார் வீட்டு மருமகள், பன்னிரண்டு வயதில் கல்யாணமானவர். படித்த பெண் தாலியறுப்பாள் என்று ஊரே நம்பிய காலம். சைதன்யரின் வாழ்க்கையைச் சொல்லும் பக்தி நூலான சைதன்ய பாகவதத்தைப் படிக்கும் ஆசையில் அதிலிருந்து ஓர் ஏட்டை உருவி அடுப்படியில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலையோடு அதை ஒப்பிட்டு, முக்காட்டுக்குள் எழுத்துக்கூட்டிப் படித்தார். பின்னாளில் 'ஆமார் ஜீபன்' என்று தன் வாழ்க்கையை எழுதினார். பெற்ற தாயின் கடைசி நேரத்தில்கூட அவரைப் போய்ப் பார்க்க விடவில்லை. பெண்ணாய்ப் பிறந்ததை நொந்து அதில் அவர் எழுதியிருப்பதைப் படித்தால், சத்யவதியின் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது. பக்தியிலும் சமையல்கட்டிலும் ஊறிய ஒரு பெண்ணுக்குள்தான் அது முளைத்திருக்கிறது.

சத்யவதி கிளம்பியதற்கு வருகிறேன். வேறு என்ன வழி இருந்தது அவளுக்கு? பூல்மணி என்ற சிறுமி கணவனின் வன்புணர்வில் இறந்துபோனதை ஒட்டி எழுந்த கொந்தளிப்புக்குப் பின் 1891இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் உடலுறவுக்கான வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கியதோடு சரி. கல்யாணத்தை அது தொடவே இல்லை. ஒன்பது வயதுக் கல்யாணம் அப்போதும் செல்லும். மந்திரம் சொல்லி முடித்துவிட்டால் பெற்ற தாயாலும் அதை அவிழ்க்க முடியாது.

ஆஷாபூர்ணா அவளை நீதிமன்றத்துக்கோ பொதுமேடைக்கோ அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். காசிக்கு அனுப்புகிறார். வங்கத்து விதவைகள் காலங்காலமாகப் போய்ச் சேர்ந்த ஊர் அது. அந்தச் சமூகமே பெண்ணுக்கென்று விட்டுவைத்த பாதையில்தான் அவள் நடக்கிறாள், புருஷன் உயிரோடு இருக்கும்போதே. இதைவிட அந்தக் காலத்துக்குப் பொருத்தமான கலகத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

குறை சொல்வதானால் மாமியார் ஏலோகேசியைச் சொல்லலாம். பல இடங்களில் அவள் வெறும் கொடுமைக்காரியாக நின்றுவிடுகிறாள்.

அடுத்த பாகமான 'சுவர்ணலதா'வையும் படியுங்கள். அம்மா போனதற்கான விலையை மகள்தான் கொடுக்கிறாள்; புகுந்த வீட்டில் தாயைச் சொல்லியே அவளைக் குத்துகிறார்கள். சத்யவதி செய்தது சரியா என்று நீங்கள் கேட்டிருந்தால், இவ்வளவு உறுதியாக என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது.