நோயைப் பற்றி இணையத்தில் தேடுவது எப்படி? மருத்துவ நூலகரிடம் கேட்டவை

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றோ "உடனே போங்கள்" என்றோ சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வளவு நம்புவது, இந்த இரண்டைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு நோயின் பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது. எது நல்ல தளம் என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா மேடம்?

பார்த்தவுடன் தெரியாது, சிக்கலே அதுதான். வெள்ளைக் கோட்டுப் படம், அழகான எழுத்து, அடியில் நீளமான ஆதாரப் பட்டியல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டாட் ஓஆர்ஜி முகவரியையும் யாரும் வாங்கலாம், தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. 'ஹான்கோட்' என்று ஒரு தர முத்திரை இருந்தது. ஜெனீவாவில் இயங்கிய ஓர் அமைப்பு 1996இல் அதைத் தொடங்கியது. 2022 இறுதியோடு அந்தச் சேவை நின்றுவிட்டது. இன்னும் அந்த முத்திரையை ஒட்டி வைத்திருக்கும் தளத்தைக் கண்டால், அங்கே யாரும் தூசி தட்டி நாளாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்க்கும் தொழில்காரர்கள் ஆகிய மூன்று தரப்பையும் இணையத்தில் தேடச் சொல்லிப் பார்த்தார்கள். படித்த பேராசிரியர்களே பலமுறை ஏமாந்தார்கள். அவர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். சரிபார்ப்பவர்களோ வந்த வேகத்தில் வேறு டேப்பைத் திறந்து, "இவர்கள் யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்" என்று தேடினார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். இன்னொன்று, பக்கத்தின் கடைசியில் மாத்திரையோ பொடியோ விற்றால், மேலே எழுதியிருப்பது எல்லாம் அதற்கான விளம்பரம்தான்.

கேள்வி: சரி, தொடங்குவதற்கு ஓரிரண்டு இடம் சொல்லுங்கள்.

மெட்லைன்பிளஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் பொதுமக்களுக்காக 1998இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, எளிய ஆங்கிலம். அடுத்து காக்ரேன். ஒரு கேள்விக்கு உலகம் முழுக்க நடந்த மருத்துவப் பரிசோதனைகளைத் திரட்டி, மொத்தமாக எடைபோட்டுச் சொல்பவர்கள். அவர்களுடைய எளிய நடைச் சுருக்கங்கள் சில தமிழிலும் கிடைக்கும். அங்கே "போதிய சான்று இல்லை" என்ற வாக்கியம் அடிக்கடி வரும், சலித்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லத் துணியும் இடத்தைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: அக்கா, அப்பாவின் ரிப்போர்ட்டில் சர்க்கரை 130 என்று இருக்கிறது. ஒரு தளத்தில் 7க்கு மேல் போனாலே சர்க்கரை நோய் என்று போட்டிருக்கிறது. இரவு முழுக்கத் தூங்கவில்லை.

முதலில் மூச்சு விடுங்கள். இரண்டும் வேறு வேறு அலகு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது ஒரு கணக்கு, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்பது இன்னொரு கணக்கு. சர்க்கரைக்கு மட்டும் முதலாவதை 18ஆல் வகுத்தால் இரண்டாவது வரும். அந்தத் தளம் சொல்லும் 7 என்பது உங்கள் அலகில் 126. கொழுப்புக்கும் கிரியேட்டினினுக்கும் வகுக்கும் எண் வேறு, 18ஐ எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள். எண்ணைத் தேடும்முன் அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் தேடினால் கை வைத்தியமும் யூடியூபும்தான் வருகிறது. தமிழில் தேடவே கூடாதா?

தேடலாம். ஆனால் நாம் போடும் சொல்லே பாதி நேரம் நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நோயின் பெயர் இல்லை, அறிகுறி. கல்லீரலைத் தாக்கும் வைரஸால் வரலாம், பித்தநாளத்தில் கல் அடைத்து வரலாம், ஏதோ ஒரு மருந்தால் வரலாம், ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைவதாலும் வரலாம். "மஞ்சள் காமாலைக்கு மருந்து" என்று தேடி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொல்லும் பக்கம் கிடைத்தால், அது முதல் வரியிலேயே தவறிவிட்டது.

ஹார்ட் அட்டாக் கதையும் இதுதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. இதயம் தேவையான அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் தளர்ந்துபோவது இதயச் செயலிழப்பு. துடிப்பே திடீரென நிற்பது மூன்றாவது சங்கதி. மூன்றையும் ஒரே சொல்லில் தேடினால் அடுத்தவர் நோய்க்கான பதில்தான் கிடைக்கும். டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும் சொல்லை எழுத்து எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கும் அப்படியே, பிராண்ட் பெயரை விட்டு உள்ளே இருக்கும் வேதிப்பெயரைப் போடுங்கள். அதிலும் ஒரு வேடிக்கை, பாராசிட்டமாலுக்கு அமெரிக்கத் தளங்களில் அசிட்டமினோஃபென் என்று பெயர். இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிவிடும், கல்லீரலுக்கு ஆபத்து.

கேள்வி: நான் பொது நூலகத்தில் இருக்கிறேன். ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டி, "ரத்தப் புற்றுநோயாம், இது ஆபத்தா?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வாய் அடைத்ததே நல்லது. "பயப்படாதீர்கள், எங்கள் பெரியம்மாவுக்கும் இருந்தது" என்று ஆரம்பித்திருந்தால்தான் தப்பு. நல்லெண்ணத்தில் நானே ஒரு காலத்தில் அதைச் செய்திருக்கிறேன்.

முதலில் அவரைக் கூட்டம் இல்லாத மூலைக்கு அழைத்துப்போங்கள். "இதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது, இதைப் பற்றி நல்ல தகவல் எங்கே இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். தகவல் உங்களுக்கா, வீட்டில் வேறு யாருக்காவதா? டாக்டர் என்ன வார்த்தை சொன்னார்? நோய் என்னவென்று தெரிய வேண்டுமா, சிகிச்சை பற்றியா, சாப்பாடு பற்றியா? ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. சில வகைக்குச் சில நாட்களிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும். சில வகையில் வருடக்கணக்காக மருந்தே கொடுக்காமல் கண்காணித்து வருவார்கள். வகை தெரியாமல் ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தால், வேறு யாருடைய பயத்தையோ அவர் தலையில் ஏற்றி அனுப்புகிறீர்கள்.

"எத்தனை நாள் பிழைப்பார்கள்" என்ற எண்ணிக்கை வரும் பக்கமாக இருந்தால், அதைக் காட்டும்முன் அவரிடம் கேளுங்கள். சிலர் பார்க்க விரும்புவார்கள், சிலருக்கு வேண்டாம். இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுச் சவ்வில் அரிதான ஒரு புற்றுநோய். இதைப் பற்றி என்ன படிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டார், படிக்கும்படி ஒன்றும் இல்லை என்று அவர் நாசூக்காகத் தட்டிக்கழித்தார். நடக்க முடிந்ததும் கூல்டு நேராக ஹார்வர்டின் மருத்துவ நூலகத்துக்குப் போனார். அங்கே கிடைத்த எண், இடைநிலை ஆயுள் 8 மாதம். எட்டு மாதத்தில் எல்லோரும் போய்விடுவார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. பாதிப்பேர் அதற்குமேலும் இருந்திருக்கிறார்கள், அதில் சிலர் வெகுகாலம். புள்ளியியல் தெரிந்தவர் என்பதால் அவருக்கு அது உடனே புரிந்தது. அப்புறம் 20 வருடம் வாழ்ந்தார். உங்கள் முன் நிற்பவருக்கு அந்தப் பயிற்சி இருக்காது. எண்ணைக் கொடுப்பதானால் அதன் அர்த்தத்தை விளக்கும் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சியும் சிகரெட்டும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக ஒரு பார்வர்டு சுற்றுகிறது. உண்மையா?

அதில் பாதி உண்மை. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் வகுப்பில் சேர்த்தது, புகையிலையும் அதே வகுப்புதான். ஆனால் அந்த வகுப்பு சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை இல்லை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். எதன்மேல் 18? நூறு பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 6 பேர் ஆகும். புகையிலை செய்யும் சேதத்துக்குப் பக்கத்தில்கூட இது வராது.

கேள்வி: பப்மெடில் இருந்தால் நம்பலாம்தானே?

பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் ஒரு பட்டியல், நற்சான்றிதழ் இல்லை. எலியில் செய்ததும், பத்துப் பேரிடம் செய்ததும், பிறகு திரும்பப் பெறப்பட்டதும் அதில் இருக்கும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் வந்தது. மொத்தமே 12 குழந்தைகள். 2010இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது. பப்மெடில் தேடினால் அது திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கையும் மேலேயே தெரியும். வாட்ஸ்அப்பில் அந்த எச்சரிக்கை மட்டும் வராது.

கேள்வி: ஏஐயிடம் கேட்கலாமா?

சொல்லுக்கு அர்த்தம் கேட்க, டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொள்ளப் பயன்படுத்தலாம். ஆதாரம் கேட்டால் மட்டும் ஜாக்கிரதை. அது தந்த கட்டுரைத் தலைப்புகளைத் தேடித் தரச் சொல்லி எங்கள் நூலகத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். சிலவற்றை எங்கும் கண்டுபிடிக்க முடிவதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கட்டுரையை யாரும் எழுதவே இல்லை. நெஞ்சு வலிக்கும்போது ஏஐ, கூகுள் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: "கூகுள் பார்த்துவிட்டு வந்தீர்களா" என்று டாக்டர் முகத்தைச் சுளிக்கிறாரே?

கட்டுக்கட்டாக அச்செடுத்துப் போனால் சுளிக்கத்தான் செய்வார். ஒரே பக்கம், எங்கே எடுத்தது என்ற விவரத்தோடு கொண்டுபோங்கள். "இப்படிப் போட்டிருக்கிறது, எனக்கு இது பொருந்துமா டாக்டர்?" என்று கேளுங்கள். "எனக்கு இந்த மருந்துதான் வேண்டும்" என்று தொடங்குவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

கேள்வி: அக்கா, சர்க்கரை பற்றிக் கேட்டேனே, நான்தான். 130ஐ 18ஆல் வகுத்தேன், 7.2 வருகிறது. அப்படியானால் எல்லையைத் தாண்டித்தானே இருக்கிறது?

கணக்கு சரி. ஆனால் தாண்டியிருக்கிறதா என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 7 என்ற எல்லை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்துக்கு. அப்பாவுக்குச் சாப்பிடும் முன் எடுத்தார்களா, பின்பா என்று ரிப்போர்ட்டில் இருக்கும், பாருங்கள். அதையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஒரு தடவை எடுத்தது போதுமா, மறுபடி பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.