சூப்பர்ஹீரோ மினியேச்சருக்கு பெயின்ட்: வழவழப்பான உடையில் நிறம் கெடாமல் அடிப்பது எப்படி?

கேள்வி: சூப்பர்ஹீரோ போர்டு கேம் ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே 15 சாம்பல் நிற பிளாஸ்டிக் மினியேச்சர்கள். இதுவரை பிரஷ் பிடித்ததே இல்லை. ஒன்றை மட்டும் அடித்துப் பார்த்தேன். சிவப்பு திட்டுத்திட்டாக நின்றது, கண்ணும் மூக்கும் பெயின்ட்டில் மூழ்கிவிட்டன. வீடியோவில் பார்த்தபடி மேலே கறுப்பு வாஷ் (நிழலுக்காக விடும் நீர்த்த பெயின்ட்) பூசினேன். உடை முழுவதும் அழுக்கேறிவிட்டது. என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: திட்டுத்திட்டாக நின்றதற்கு பெயின்ட்டின் பதம் காரணம், அழுக்கேறியதற்கு வாஷ் காரணம். முதலில் வாஷைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் சூப்பர்ஹீரோ பொம்மைகளில் மட்டும் இது தனிச் சிக்கல். தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ரோமம், சங்கிலிக் கவசம், சுருக்கம் விழுந்த தோல் என்று மேடுபள்ளம் நிறைந்த அசுரப் பொம்மைகளை வைத்து நடத்தப்படுகின்றன. நீர்த்த கறுப்பை அவற்றின் மேல் விட்டால் பள்ளத்தில் போய்த் தங்கிவிடும், மேடு தப்பித்துக்கொள்ளும். சூப்பர்ஹீரோ உடுத்தியிருப்பதோ உடம்போடு ஒட்டிய உடை. மார்பு, முதுகு, தொடை எல்லாம் அகன்ற வழவழப்பான பரப்பு. வாஷ் ஒதுங்க இடமில்லாமல் பரப்பிலேயே பரவி, வளையம் வளையமாகக் காய்ந்து, சிவப்பையும் மஞ்சளையும் மங்கடித்துவிடுகிறது. இந்தப் பொம்மைகளின் அழகே பளிச்சென்ற சுத்தமான நிறம்தான். எனவே நிழலை உடை முழுக்க ஊற்றாமல், வேண்டிய கோட்டில் மட்டும் வைக்க வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுவதும் இதை மனத்தில் வைத்துத்தான்.

கெட்டுப்போனதாக நினைக்கும் அந்தப் பொம்மையைத் தூக்கிப் போட வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் அக்ரிலிக் பெயின்ட் கழன்று வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

வாங்குவதில் சிக்கனமாக இருங்கள். 40, 50 நிறம் கொண்ட பெரிய செட் தேவையே இல்லை. கறுப்பு, வெள்ளை, அடர் சாம்பல், சிவப்பு, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு, தோல் நிறம், வெள்ளி ஆகிய 10 போதும், மற்றவற்றைக் கலந்துகொள்ளலாம். மினியேச்சருக்கென்றே வரும் நீர் சார்ந்த அக்ரிலிக்காக இருக்கட்டும். கைவினைக்கான மலிவு அக்ரிலிக்கில் நிறமித் துகள் பெரும்பாலும் பருமனாக இருக்கும். நீர் சேர்த்தால் மறைக்காது, சேர்க்காவிட்டால் நுணுக்கங்களை மூடிவிடும். வல்லேஹோ, ஆர்மி பெயின்ட்டர் ஆகிய இரண்டு நிறுவனங்களின் பெயின்ட்டும் 17, 18 மில்லி சொட்டு பாட்டிலில் வருகின்றன. சிட்டடெல் பெயின்ட் 12 மில்லி டப்பாவில் வருகிறது. டப்பாவுக்குள் நேரடியாக பிரஷ்ஷை விடாமல், பழைய பிரஷ்ஷால் கொஞ்சம் எடுத்து பலேட்டில் (நிறம் கலக்கும் தட்டில்) வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை ஒன்றுக்குச் சில சொட்டுதான் செலவாகும்.

பிரஷ் மூன்று போதும்: கூர்முனை நிற்கும் 1 அல்லது 2 எண் ஒன்று, 0 எண் ஒன்று, ட்ரை பிரஷ் செய்ய (பெயின்ட்டைத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் வருட) மலிவான தட்டை பிரஷ் ஒன்று. கண் வரைய 000 வேண்டும் என்று பலர் ஓடுவார்கள். அதில் பெயின்ட் தங்கும் வயிறே கிடையாது. பொம்மையைத் தொடுமுன் நுனி காய்ந்துவிடும். நுனி கூராக இருந்தால் 1 எண்ணிலேயே கண் வரையலாம். செயற்கை இழை பிரஷ்ஷின் நுனி சீக்கிரம் கொக்கிபோல் வளையும். அதைப் பெரிய பரப்புக்கும் உலோக நிறத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் இழையின் பாதிக்கு மேல் பெயின்ட் ஏறக்கூடாது. உலோகக் கழுத்துக்குள் புகுந்து காய்ந்தால் நுனி விரிந்துவிடும்.

அடுத்து பிளாஸ்டிக். விளையாட்டுகளில் மார்வல் யுனைடெட் போல ஒட்டிய நிலையிலேயே வருபவை பெரும்பாலும் மென்மையான பிவிசி. மார்வல் கிரைசிஸ் புரோட்டோகால் போல துண்டு துண்டாக வந்து நாம் ஒட்ட வேண்டியவை கடின பிளாஸ்டிக். நகத்தால் அழுத்தினாலோ பொம்மையின் கையை லேசாக வளைத்தாலோ வித்தியாசம் தெரிந்துவிடும். உங்களுடையது ஒட்டியே வந்திருந்தால் பிவிசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு டூத் பிரஷ்ஷால் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய் மேலே இருந்தால் பெயின்ட் பிடிக்காமல் ஒதுங்கும். கால் வளைந்து, பொம்மை சாய்ந்து நின்றால் கொதி அடங்கிய வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, இடுக்கியால் எடுத்து, நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். அச்சின் இரு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும். பக்கவாட்டில் விரலை ஓட்டினால் தட்டுப்படும். பிவிசியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நார் நாராகக் கிளம்பும். புதிய பிளேடால், உங்கள் விரலுக்கு எதிர்த்திசையில், மெல்லச் சீவி எடுங்கள். வழவழப்பான தொடையில் இந்தக் கோட்டை விட்டுவிட்டால் பெயின்ட் அடித்தபின் இன்னும் துருத்தித் தெரியும். 10 நிமிடம் இதற்குச் செலவிடுவது நியாயமே.

பிறகு பாட்டில் மூடி ஒன்றின் மேல் ஒட்டுக்களிம்பு (சுவரில் போஸ்டர் ஒட்டும் புட்டி) வைத்துப் பொம்மையைப் பதித்துக்கொள்ளுங்கள். இனி மூடியைத்தான் பிடிக்க வேண்டும், பொம்மையைத் தொடக்கூடாது.

அடுத்து பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. இதில் பிவிசிக்கென்று ஓர் எச்சரிக்கை. சில ஸ்ப்ரே பிரைமர்களின் கரைப்பானும், பிவிசியை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் பொருளும் சேர்ந்தால் நாள்கணக்கில் பிசுபிசுப்பு போகாது. எனவே முதலில் அடித்தட்டின் கீழ்ப்பக்கம் ஒருமுறை அடித்து, மறுநாள் தொட்டுப் பாருங்கள். தொடக்கநிலைக்கு பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் என் பரிந்துரை. மெல்லிய இரண்டு பூச்சு பூசி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். ஸ்ப்ரேதான் என்றால் 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, நகர்த்திக்கொண்டே சிறு சிறு வீச்சாக அடியுங்கள். வெயில் கொளுத்தும்போது துகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும்.

பிரைமர் நிறம் சாம்பலாக இருக்கட்டும். அது காய்ந்ததும் தட்டை பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு, தாளில் துடைத்துத் துடைத்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்து, பொம்மையின் தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி வருடுங்கள். தோள், மார்பின் மேற்பகுதி, தொடையின் முன்பக்கம் ஆகியவை வெளுக்கும். அக்குளும் அங்கியின் உட்புறமும் சாம்பலாகவே நிற்கும். வெளிச்சம் எங்கே விழும் என்ற வரைபடம் உங்கள் கண்முன் இருக்கும். இந்த நிலையில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஹைலைட் (வெளிச்சம் விழும் இடத்தில் வெளிர் நிறம்) வைக்கும்போது உதவும்.

இப்போது திட்டுத்திட்டு விவகாரம். இரண்டு சொட்டு பெயின்ட்டுக்கு ஒரு சொட்டு நீர் என்று தொடங்கி, பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரஷ்ஷில் எடுத்ததும் தாளில் ஒருமுறை ஒற்றி, அதிகப்படி ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் பொம்மையைத் தொட வேண்டும். முதல் பூச்சில் அடிநிறம் தெரியும். பதறி, ஈரத்தின் மேலேயே இன்னொன்று போட்டால் பாதி காய்ந்த படலம் கிழிந்து, அந்த இடம் திட்டாகிவிடும். 10 நிமிடம் விட்டு இரண்டாம் பூச்சு. மூடியுள்ள ஒரு டப்பாவில் நனைத்த பஞ்சுத்தாளை விரித்து, மேலே பேக்கிங் தாளைப் பரப்பினால் ஈர பலேட் தயார்; பெயின்ட் மணிக்கணக்கில் காயாது. உலோக நிறத்தை மட்டும் அதில் வைக்காதீர்கள், துகள் பரவும். அதற்குத் தண்ணீர்க் குவளையும் தனி. இல்லாவிட்டால் அடுத்து எடுக்கும் சிவப்பில் மினுக்கு ஒட்டிக்கொண்டு வரும்.

எல்லா நிறமும் ஒரே மாதிரி மறைக்காது. நீலமும் சாம்பலும் இரண்டு பூச்சில் அடங்கிவிடும். சிவப்பும் மஞ்சளும் பிடிவாதக்காரர்கள். அவற்றின் நிறமியே ஒளி ஊடுருவக்கூடியது. சிவப்புக்குக் கீழே செம்பழுப்பு ஒரு பூச்சு கொடுத்தால் ஆழமான சிவப்பு கிடைக்கும். வெள்ளை மேல் நேரடியாக அடித்தால் நான்கு பூச்சு போட்டும் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். மஞ்சளுக்கு வெள்ளையோ, ஒரு துளி செம்பழுப்பு கலந்த வெளிர் மஞ்சளோ அடியில் இருக்க வேண்டும். கறுப்பு மேல் மஞ்சள் வைத்தால் பச்சையடிக்கும். கறுப்பு உடை நாயகருக்குக் கறுப்பை அடிக்காதீர்கள்! அடர் சாம்பலில் ஒரு துளி நீலம் கலந்து அடியுங்கள். அப்போதுதான் நிழலுக்குக் கறுப்பு மிஞ்சியிருக்கும். அதேபோல் வெள்ளை உடைக்கு வெளிர் சாம்பல்; தூய வெள்ளை மேட்டில் மட்டும்.

உள்ளிருந்து வெளியே வாருங்கள்: தோல், உடையின் பெரிய நிறம், அடுத்த நிறம், அங்கி, பூட்ஸும் பெல்ட்டும், கடைசியில் மார்புச் சின்னமும் முகமும். எல்லை மீறிச் சிந்தினால் அடுத்த நிறம் அதை மூடிவிடும். 15 பொம்மைகளையும் ஒன்றாக வரிசையில் வைக்காதீர்கள், அலுத்துவிடும். மூன்று மூன்றாக எடுங்கள். ஒன்று காய்வதற்குள் அடுத்தது.

நிழல் வைக்கும் இடம் இதுதான். கையுறை முடியும் விளிம்பு, பெல்ட்டின் கீழ் ஓரம், தசைகளுக்கு இடையேயான பிளவு, சிவப்பும் நீலமும் சேரும் தையல். இவற்றில் மட்டும், 0 எண் பிரஷ்ஷின் நுனியால், நீர்த்த அடர்நிறத்தை இழுத்துவிடுங்கள். சிவப்புக்குச் செம்பழுப்பு, நீலத்துக்குக் கறுப்பு கலந்த நீலம், மஞ்சளுக்கு ஆரஞ்சும் பழுப்பும். கறுப்பு உடையைத் தவிர வேறெங்கும் தனிக் கறுப்பு வேண்டாம். கோடு தடித்துப்போனால் உடையின் நிறத்தை எடுத்து இருபுறமும் ஒட்டினாற்போல் இழுத்தால் மயிரிழை மட்டும் மிஞ்சும். தடிமனாக வரைந்து மெல்லியதாக வெட்டுவதுதான் இதில் சூட்சுமம். நேராக மெல்லிய கோடு போடுவதைவிடப் பல மடங்கு சுலபம்.

2019-இல் சிட்டடெல் காண்ட்ராஸ்ட் பெயின்ட்டுகளை வெளியிட்டதிலிருந்து ஒரே பூச்சில் நிறமும் நிழலும் வரும் வகை பரவிவிட்டது. கேசத்துக்கும் மடிப்பு நிறைந்த அங்கிக்கும் அற்புதமாக வரும். வழவழப்பான தொடையில் வாஷ் செய்த அதே குழப்பத்தைத்தான் இதுவும் செய்யும். இதே வகையில் ஆர்மி பெயின்ட்டர் 2022-இல் வெளியிட்ட முதல் ஸ்பீட்பெயின்ட்டில் கூடுதலாக இன்னொரு தொல்லை உண்டு: காய்ந்தபின் மேலே ஈரம் பட்டால் கரைந்து அடுத்த நிறத்தில் கலக்கும். 2023-இல் வந்த 2.0-வில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்; பழைய பாட்டில் கிடைத்தால் பார்த்து வாங்குங்கள்.

ஹைலைட்டுக்குச் சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். ஆரஞ்சைக் கலக்க வேண்டும். நீலத்தில் வெள்ளை கலக்கலாம். முன்பு எடுத்த படத்தில் எங்கெல்லாம் வெளுத்திருந்ததோ அங்கே மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு. அங்கியில் மடிப்பின் முகட்டில் வைத்து, பள்ளத்தை நோக்கிப் போகப்போக நீரைக் கூட்டுங்கள். சிறிய மேசை விளையாட்டுப் பொம்மைக்கு இரண்டு படி வெளிச்சம் போதும்.

முகமூடியில் வெள்ளைக் கண் உள்ளவர்களிடம் கண் பகுதி முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, உள்ளே வெள்ளையை வையுங்கள். சுற்றிலும் கறுப்பு விளிம்பு தானாக நிற்கும். திறந்த கண்ணுக்கு, பெரிய தலைப் பொம்மையானால் வெள்ளை வைத்து, கருவிழியை மேல் இமையைத் தொடும்படி வரையுங்கள். நடுவில் மிதக்கவிட்டால் அதிர்ச்சியடைந்த முகமாகிவிடும். சாதாரண அளவுப் பொம்மையில் கண் கடுகளவுகூட இருக்காது. அங்கே செம்பழுப்பில் ஒரு நிழல் கோடு போட்டு நிறுத்திவிடலாம். மேசையில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் உயிரோடுதான் தெரியும். தோலுக்கு மட்டும் நீர்த்த செம்பழுப்பை முகம் முழுக்க விடலாம், அங்கே பள்ளம் இருக்கிறது. காய்ந்ததும் மூக்கு நுனி, கன்னம், தாடையில் தோல் நிறத்தை மறுபடி தொட்டுவிடுங்கள்.

மார்புச் சின்னம் தட்டையாக இருந்தால் சின்னத்தின் நிறத்தைக் கொஞ்சம் பெரிதாகவே அடித்துவிட்டு, உடையின் நிறத்தால் சுற்றிலும் செதுக்கி உருவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒளிக்கதிர், தீப்பிழம்பு போன்றவை கண்ணாடி பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பெயின்ட் அவற்றின் ஒளியைத்தான் கொல்லும்.

ஆட்டத்தில் கை படும் பொம்மை என்பதால் வார்னிஷ் கட்டாயம். ஒரு நாள் காயவைத்தபின் முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒன்று, அது நன்கு காய்ந்ததும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒன்று. கிளாஸ் பூச்சு உறுதிக்கு. மேட் பூச்சு பொம்மைத்தனமான பளபளப்பை அடக்க. ஸ்ப்ரே மேட் வார்னிஷை ஈரக் காற்றில் அடித்தால் வெண்படலம் படிந்து எல்லாம் மூடுபனியாகிவிடும்; மழைக்காலத்தில் பிரஷ்ஷால் பூசுவதே பாதுகாப்பு. பூசுமுன் பாட்டிலை ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். மேட் தன்மை தரும் பொருள் அடியில் தங்கியிருந்தால் பளபளப்பாகவோ, வெண்திட்டாகவோ வரும். கண் லென்சிலும் உலோகத்திலும் மட்டும் மறுபடி ஒரு புள்ளி கிளாஸ் வைத்தால் உடையிலிருந்து தனித்து நிற்கும். அடித்தட்டின் விளிம்பைச் சீராக ஒரே நிறத்தில், கறுப்பிலோ அணியின் நிறத்திலோ, முடித்துவிடுங்கள். பெட்டியின் பிளாஸ்டிக் குழியில் வைப்பதற்கு இரண்டு நாளாவது பொறுங்கள். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கும் வார்னிஷ் குழியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோளிலும் அங்கியின் ஓரத்திலும் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வரும்.