ஹெரால்டு, டால்ஃபின், கெஸல்: பழைய கார்க்காரர்களுக்குச் சில பதில்கள்

போன இதழில், உங்கள் வீட்டு வாசலில் நின்ற அபூர்வமான கார் எது, இப்போது அது எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தேன். வந்து குவிந்தவற்றில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எழுதியதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். நானும் காரிமங்கலத்துப் பக்கம்தான், அதனால் இந்தக் கார்கள் ஓடிய சாலைகள் எனக்கும் தெரியும்.

அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பதினைந்து வருஷமாக மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. தக்காளிக் கூடையை டிக்கியில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போவார். புது பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகுமா? (வாசகர், பாலக்கோடு)

தயவு செய்து பேட்டரி போடாதீர்கள். நான் பார்த்த பல ஹெரால்டுகள் நின்றதால் கெட்டுப்போகவில்லை, நின்ற பிறகு யாரோ அவசரப்பட்டு செல்ஃப் அடித்ததால்தான் கெட்டுப்போயின. பதினைந்து வருஷத்தில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும், அதைச் செல்ஃப் மோட்டாரின் பலத்தால் பிய்த்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும்.

முதலில் நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, இரண்டு பேர் காரை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், எஞ்சின் சுற்றினால் பாதிக் கவலை போயிற்று. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், நின்ற வண்டிகளில் அது சாதாரணம். டேங்கில் இருக்கும் பெட்ரோல் இதற்குள் வார்னிஷ் மாதிரி பிசுபிசுத்திருக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். வயரிங்கை எலி எங்கெங்கே கடித்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால் பிரேக்கைக் கவனியுங்கள், ஏனென்றால் ஓடாத எஞ்சினால் யாருக்கும் ஆபத்தில்லை, பிரேக் பிடிக்காத காரால்தான் ஆபத்து. வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் புதிதாகத்தான் மாற்ற வேண்டும். டயர் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று அதையே ஓட்டாதீர்கள், பக்கச் சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரியும்.

ஹெரால்டில் மட்டும் உள்ள ஒரு விஷயத்தை உங்கள் மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள். பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்தமாக எழும்பி வரும், முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். அப்படித் திறந்து சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பாருங்கள், சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் துண்டு கீழே ஒரு பித்தளைக் கட்டையில் மரை போட்டு இறங்கியிருக்கும். அதற்கு ட்ரன்னியன் என்று பெயர், ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. இதற்கு 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் மரைக்குள் இறங்காமல் வாயிலேயே கெட்டியாகி நின்றுவிடும், உள்ளே தண்ணீர் போய் இரும்பு அரிக்கும், ஒரு நாள் அந்தத் துண்டு முறியும்.

இது எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவின் ஹெரால்டுக்கு ஒரு பட்டறையில் மாதாமாதம் பொறுப்பாக கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள், நாங்களும் சந்தோஷமாக வாங்கி வந்தோம். காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு போகிற வழியில் ஒரு புளியமரத்து நிழலிலிருந்து வண்டியை எடுத்துத் திருப்பும்போது இடது முன் சக்கரம் அப்படியே உள்ளே மடங்கிப் படுத்துவிட்டது. நடக்கிற வேகத்தில் இருந்ததால் தப்பித்தோம். அன்றைக்கு அப்பா மரத்தடியில் உட்கார்ந்து அந்த முறிந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், முறிந்த இடத்தில் பாதி பழைய துரு, பாதி புது வெள்ளை. அந்தத் துரு எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ.

அப்புறம் சேஸிஸைப் பாருங்கள். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், பாடியைத் துண்டு துண்டாக போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். இங்கே ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் விற்ற இந்தக் காரை இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனி 1959இல் கொண்டுவந்தபோது, அவர்களுக்குப் பாடி அடித்துக் கொடுத்த தொழிற்சாலை அதற்கு முன்பே போட்டிக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. முழு பாடியை ஒரே இடத்தில் அடிக்க வழியில்லாமல் பகுதி பகுதியாகச் செய்து சேர்த்தார்கள். அந்தக் கஷ்டம் இன்றைக்கு உங்களுக்கு வரமாக வந்திருக்கிறது, துருப்பிடித்த ஒரு பகுதியை மட்டும் கழற்றி டிங்கரிங் செய்துகொள்ளலாம். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

ஓசூரில் எங்கள் மாமா பிளாஸ்டிக் கார் வைத்திருந்தார் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்படி ஒன்று இருந்தது உண்மையா? (வாசகி, ஓசூர்)

உண்மை. உங்கள் மாமா வைத்திருந்தது பெரும்பாலும் சிபானி டால்ஃபின். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பெங்களூரில் செய்த கார் அது. பிளாஸ்டிக் இல்லை, ஃபைபர் கிளாஸ். இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனியின் கிட்டன் என்கிற சின்னக் காரைத்தான் 1980களின் தொடக்கத்தில் இங்கே டால்ஃபின் என்று பெயர் வைத்து விற்றார்கள். (இந்த ரிலையன்டுக்கும் நம் ஊர் ரிலையன்ஸுக்கும் சம்பந்தம் இல்லை.) 848 சிசி அலுமினிய எஞ்சின், இரண்டே கதவு, எடை மிகக் குறைவு. அதே எடைக்குறைவால் தென்னிந்திய ராலிகளில் டால்ஃபின் நல்ல பெயர் எடுத்தது. அதற்கும் முன்னால் அதே குழுவினர் பாதல் என்று ஒரு மூன்று சக்கர கார் செய்தார்கள், பின்னால் 198 சிசி எஞ்சின், அதுவும் ஃபைபர்தான். உங்கள் மாமாவின் காருக்கு முன்பக்கம் ஒரே ஒரு சக்கரம் என்றால் அது பாதல், இன்னும் அபூர்வம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, அதன் பிறகு இந்தச் சின்னக் கம்பெனிகளால் நின்று பிடிக்க முடியவில்லை.

நான் ஒரு டால்ஃபினை ஆறு வருஷம் வைத்திருந்தேன். கதவைத் தட்டினால் மொட்டை மாடித் தண்ணீர் டேங்கைத் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று கேட்கும். வாங்கிய புதிதில் பின் விளக்கு எரியாமல் ஒரு வாரம் அலைந்தேன். பல்பு நன்றாக இருக்கிறது, வயரில் கரண்ட் வருகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, இதற்கு எர்த் எங்கே என்று ஒரே கேள்வி கேட்டார். இரும்பு பாடியில் விளக்கைத் திருகினாலே எர்த் கிடைத்துவிடும், ஃபைபரில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாகக் கருப்பு வயர் இழுத்து சேஸிஸில் கட்ட வேண்டும். முன்பு வைத்திருந்தவர் பம்பர் மாற்றும்போது அந்த வயரை வெட்டிவிட்டிருந்தார், அவ்வளவுதான்.

பாடி துருப்பிடிக்காது என்று நம்பி இந்தக் காரை வாங்குகிறவர்கள் அடியில் இருப்பது இரும்புச் சேஸிஸ் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே அரித்திருக்கும். மாமாவின் பழைய படம் ஏதாவது ஆல்பத்தில் இருந்தால் பிள்ளைகளிடம் காட்டுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் என் பிரீமியர் பத்மினி கார் நின்றுவிடுகிறது, அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. இப்போது வரும் எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். (வாசகர், நல்லம்பள்ளி)

எத்தனால் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பத்மினிகள் தொப்பூரில் நின்றிருக்கின்றன. ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் குடும்பத்தோடு சாலையோரம் உட்கார்ந்திருந்த ஞாபகம் நம் வயதுக்காரர்கள் பலருக்கு இருக்கும். பம்ப் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, ஏற்றத்தில் வேகம் குறைந்து சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப் வெறும் ஆவியை அடித்துக்கொண்டிருக்கும். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிறதா பாருங்கள், தள்ளிக் கட்டுங்கள். பம்புக்கு அடியில் இருக்கும் சூடு தடுக்கும் கட்டையை யாரோ கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். ரேடியேட்டரையும் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப் வைத்துவிடலாம், நான் இதில் கண்டிப்பானவன் இல்லை, ஓடுவதுதான் முக்கியம்.

எத்தனால் செய்கிற கெடுதல் வேறு. அந்தக் கால ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃபிரம் எல்லாம் ஊறி உப்பும், அதற்கேற்ற புது ஹோஸாக மாற்றிவிடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் எஞ்சினுக்குப் போகிற காற்று, பெட்ரோல் கலவை கொஞ்சம் மெலியும், கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டி வரலாம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிற்கிற காரில் அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கித் துளை போடும். ஆகவே வாரம் ஒரு முறையாவது ஓட்டிப் பெட்ரோலைச் செலவழியுங்கள். இன்னொன்று, 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது, பழைய இரும்பு ஹெட்டுகளில் வால்வு உட்காரும் இடத்தைக் காத்தது அந்த ஈயம்தான். இரும்பு ஹெட் உள்ள கார் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை ஹெட் கழற்றும்போது லேத்தில் கொடுத்துக் கெட்டியான எக்ஸாஸ்ட் சீட் அடித்துவிடுங்கள்.

தாத்தாவின் காருக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. விஏ நம்பர் வாங்குவது நல்லதா? (வாசகர், ஊத்தங்கரை)

2021இல் வந்த மத்திய விதி அது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்தோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவு இருக்கிற வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சிக்கும், விண்டேஜ் ராலிக்கும், பெட்ரோல் போடவும், பட்டறைக்கும்தான் எடுக்கலாம், தினசரி உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் கோயிலுக்கும் அதில் போகிறீர்கள் என்றால் வழக்கமான ஆர்சியை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

முன்கதவு தலைகீழாகத் திறக்கிற பழைய ஃபியட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தம்பி காயலான் கடைக்குப் போடலாம் என்கிறான். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து விலை கேட்கிறார். (வாசகி, காவேரிப்பட்டணம்)

காயலான் கடைக்குப் போடவே வேண்டாம். கீல் நடுத்தூணிலும் கைப்பிடி முன்னாலும் இருந்தால் அது 1950களின் ஃபியட் 1100 வகை, பத்மினிக்கு அக்கா. உங்களால் ஓட்ட முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது, இன்னும் பத்து வருஷம் வேப்பமரத்தடியில்தான் நிற்கும் என்றால் கொடுத்துவிடுங்கள், அதில் தப்பே இல்லை, ஆனால் முழுக் காராக ஓட்டப்போகிறவருக்குக் கொடுங்கள், பாகத்துக்காக உடைக்கிறவருக்கு வேண்டாம். வருகிறவரிடம் இதற்கு முன் எந்தக் காரைச் சரி செய்தீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். உண்மையான ஆளாக இருந்தால் படம் படமாகக் காட்டுவார், நிறுத்தவே மாட்டார். ஆர்சி புத்தகத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயர் மாறும் வரை விடாதீர்கள்.

ஸ்டாண்டர்ட் 2000 ஏன் தோற்றது? (வாசகர், பர்கூர்)

வெளியே ரோவர் எஸ்டி1 என்ற அழகான இங்கிலாந்துக் காரின் உடம்பு, உள்ளே அதற்குப் பொருந்தாத பழைய 1991 சிசி எஞ்சின். 1985இல் வந்தது, பெட்ரோலை நிறையக் குடித்தது, 1988இல் நின்றது, சென்னையில் தொழிற்சாலையும் மூடினார்கள். இன்றும் தெருவில் ஒன்று போனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

நீங்கள் வைத்திருந்ததிலேயே அபூர்வமானது எது? அந்த மாதிரி கார்களை நான் எங்கே பார்க்கலாம்? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், அரூர்)

ஸ்டாண்டர்ட் கெஸல், தம்பி. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும், அது நம் மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை. அதனால் சென்னையில் அதே 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு, பின்னால் லாரி மாதிரி நேரான ஆக்ஸில் போட்டு 1970களில் கெஸலைச் செய்தார்கள். வேறு எந்த நாட்டிலும் அது கிடையாது. என்னுடையது இப்போதும் ஓடுகிறது, வெளிர் நீலம்.

கோயம்புத்தூரில் அவினாசி ரோட்டில் ஜிடி கார் மியூசியம் இருக்கிறது, தருமபுரியில் ரயில் ஏறினால் போய்விடலாம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு காரிமங்கலம் வா. பழைய சட்டை போட்டுக்கொண்டு வா, அன்றைக்குக் கார்பரேட்டர் கழுவ வேண்டியிருக்கிறது.