கேள்வி – பதில்: தோட்டத்து மூலையில் ஒரு தீ

கேள்வி: வீட்டில் சேரும் குப்பையைத் தோட்டத்து மூலையில் குவித்து, வாரம் ஒருமுறை கொளுத்திவிடுகிறோம். பெரிய எரியுலைகளிலும் குப்பையை எரிக்கத்தானே செய்கிறார்கள்? எங்கள் ஒரு கூடைக் குப்பையாலா காற்று கெட்டுவிடப்போகிறது?

பதில்: எரியுலையையும் தோட்டத்து மூலையையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. முறையாக இயங்கும் எரியுலையில், புகைவாயுவைக் குறைந்தது 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 விநாடியாவது நிறுத்திவைத்து, விரைந்து குளிர்வித்து, வடிகட்டிய பின்னரே உயரமான புகைபோக்கி வழியாக வெளியேற்றுகிறார்கள். தரையில் குவித்த குப்பையிலோ மேற்பரப்பு மட்டும் எரிய, உள்ளிருப்பது காற்றுப் புகாமல், ஈரத்தோடு மணிக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். இந்த அரைகுறை எரிதலில்தான் கார்பன் மோனாக்சைடும் பென்சீனும், நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்துகள்களும் மிகுதியாக உண்டாகின்றன. பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக்கும் சேர்ந்துவிட்டால், டயாக்சின்கள் எனப்படும் கொடிய நச்சு வேதிப்பொருள்கள் உருவாவதற்கு வேண்டிய மிதமான சூட்டையும் அதே குவியல் தந்துவிடுகிறது.

கூடையின் அளவைக் காட்டிலும், புகை எங்கே எழுகிறது என்பதைப் பாருங்கள். அது ஏறக்குறைய மூக்கின் உயரத்தில் எழுகிறது. பலரும் தீ மூட்டத் தேர்ந்தெடுக்கும் மாலை வேளையிலோ, தரையையொட்டிய காற்று குளிர்ந்துவிடுவதால், புகை மேலே கலைந்து போகாமல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் நுழைகிறது. டயாக்சின்களின் கதை வேறு. மனித உடலுக்குள் செல்லும் டயாக்சின்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை உணவு வழியாகவே, பெரும்பாலும் இறைச்சி, பால் பொருள்கள், மீன் ஆகியவற்றின் கொழுப்பில் தங்கி வருகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். குப்பை எரித்த இடத்தைக் கிளறி மேயும் கோழியின் முட்டையிலும் அவை சேரும். இவற்றுள் மிகக் கொடிய டி.சி.டி.டி.யைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

கேள்வி: பிளாஸ்டிக்கை நீக்கிவிட்டு, காய்ந்த இலையையும் காகிதத்தையும் மட்டும் எரிக்கலாமா? சாம்பலைச் செடிகளுக்குப் போடலாமா?

பதில்: டயாக்சின் பெருமளவு குறையும், நுண்துகள் குறையாது. புகையும் இலைக்குவியல் தரும் மூச்சுத்திணறலுக்கு பிளாஸ்டிக் தேவையில்லை என்பதை ஆஸ்துமா உள்ளவர்கள் நன்கறிவார்கள். மட்கக்கூடிய இலையை எதற்காக எரிக்க வேண்டும்? குழியிலிட்டு மண் தூவி, ஈரம் காயாமல் வைத்தால் சில மாதங்களில் எருவாகிவிடும். சாம்பலைப் பொறுத்தவரை, வண்ணமோ மருந்தோ பூசாத விறகின் சாம்பலைச் சிறிதளவு தூவலாம். பலவகைக் குப்பை எரிந்த சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும் என்பதால், கீரைப்பாத்திப் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.